பதினேழாம் படத்தில் நான் கண்ட குறை

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புகைப்படங்களின் குறைநிறைகளை ஆராய்ந்து தமிழில் ஒரு முழுப் புத்தகம் எழுதியவன் நான். அந்தப் புத்தகம் அச்சாகி வெளிவந்த நாள்வரை கேமராவை நான் கையால் தொட்டதில்லை. (அதற்குப் பிறகும் தொடவில்லை. யாரும் தொட விடவில்லை என்று சொல்வது இன்னும் பொருத்தம்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை. மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் தாய்மாமா ஒரு தடவை ஊருக்கு வரும்போது ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன பெட்டியில் கிடந்ததாம். புகைப்படம் எடுப்பதைப் பற்றிய புத்தகம். முதல் நாற்பது பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. கேமராவை எப்படிப் பிடிப்பது, வெளிச்சத்தை எப்படி அளப்பது, படத்தை எப்படி எடுப்பது என்பதெல்லாம் அந்த நாற்பது பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு மிஞ்சியது பின்பாதி. அடுத்தவன் எடுத்த படத்தில் என்னென்ன குறை காணலாம் என்று சொல்லும் பகுதி.

அதை மூன்று முறை படித்தேன். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் நேராகச் சுவருக்குப் போகும். அந்தக் காலத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் குடும்பப் படம் ஒன்று கட்டாயம் தொங்கும். ஏரியும் அன்னமும் எழுதிய திரைச்சீலை, முக்காலிமேல் காகிதப்பூ, எழுத்தே அறியாதவர் கையில் விரித்த புத்தகம். எல்லாப் படத்திலும் இவை இருக்கும். முதுகு கோணல், கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நிழல் தப்பு என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். குடிக்கத் தண்ணீர் கேட்டு வீடு வீடாக நுழைந்தேன். அந்தக் கோடையில் நான் குடித்த தண்ணீருக்குக் காயத்திரிப்புழை ஆறு வற்றாமல் இருந்ததே ஆச்சரியம்.

இப்படி இருபத்தெட்டுப் படங்களை ஆராய்ந்து ‘நிழற்படக் குணதோஷ விளக்கம்’ என்று பெயர் வைத்துப் பாலக்காட்டில் அச்சுப் போட்டேன். யார் மனமும் புண்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. ‘கோயிலுக்குக் கிழக்கே, கிணற்றடியில் முருங்கை உள்ள வீடு’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன். (கோயிலுக்குக் கிழக்கே கிணற்றடியில் முருங்கை உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான்.)

அந்த இருபத்தெட்டில் பெரும்பாலான படங்கள் ஒரே ஆள் எடுத்தவை. ஞானமுத்து என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வெகுகாலம் மூணாறு மலையில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே இறங்கி எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்தவர். புத்தகம் எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். படைத்தவனைக் கேட்டு எழுதினால் அது விமர்சனம் ஆகாது என்று நானாகவே ஒரு சட்டம் வைத்திருந்தேன். எங்கிருந்து வந்தது அந்தச் சட்டம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பதினேழாம் படம் மாராத்தாள் வீட்டில் இருந்தது. ஊரின் கிழக்குக் கோடியில் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர் அவர். புருஷன் மூணாறு மலையில் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் வண்டி ஓட்டினார். அவர் காய்ச்சலில் போன பிறகு மாராத்தாள் கைக்குழந்தையோடு மலையிறங்கிப் பிறந்த ஊருக்கு வந்துவிட்டார். அந்தக் குழந்தைதான் தெய்வானை. நான் போனபோது பத்தொன்பது வயது. ஐந்தாவது வரை படித்த பெண். லட்சணமான முகம். வலது கண் மட்டும் கொஞ்சம் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கும்.

அந்தக் கண்ணால் இரண்டு மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதா, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் வருமா? அதற்கு மாராத்தாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டுவார்.

என்னிடமும் அப்படித்தான் காட்டினார். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “சின்னதுல காச்சல் வந்து இப்பிடி ஆயிப்போச்சுங்க வாத்தியாரே. பரம்பரையில ஆருக்கும் கெடையாது. இதா பாருங்க, அவங்கப்பா. கண்ணு எப்பிடி நேரா இருக்குது! இவளுக்கு ஒரு வயசு ஆகறப்ப எடுத்த படமுங்க இது” என்றார்.

நான் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதினேன். அந்தப் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். மறக்க முயன்று தோற்றதால் மனப்பாடம்.

‘பதினேழாம் படம். தம்பதியும் குழந்தையும். தாய் சற்றே அசைந்திருக்கிறாள். குழந்தை முழுவதும் அசைந்து புகையாகத் தெரிகிறது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே படக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அணுவும் அசையாமல் அமர்ந்திருக்கிறார். இது மிகவும் பாராட்டத்தக்கது. ஆயினும் முகத்தில் ஜீவன் இல்லை. நாற்காலியோடு சேர்த்துக் கட்டியது போன்ற தோரணை. கண்கள் படத்தோடு வந்தவை அல்ல, பிற்பாடு தூரிகையால் எழுதப்பட்டவை. படக்காரர் ஏதேனும் வேடிக்கை சொல்லி இவரைச் சற்றுச் சிரிக்க வைத்திருக்கலாம்.’

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எழுதின எனக்கு விளங்கவில்லை. குறை கண்டுபிடிக்கிற சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் காரணம் தேடத் தோன்றாது.

புத்தகம் வெளிவந்தது. ஊரே கல்லெறியப் போகிறது என்று பயந்து இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். நடந்ததோ வேறு. ரைஸ் மில் முதலாளியின் படத்தைப் பற்றி, ‘இப்படத்தில் மீசையே பிரதானம், முகம் அதற்கு ஒரு சட்டமாக மட்டுமே உதவுகிறது’ என்று எழுதியிருந்தேன். அவர் வீடு தேடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ற மீசை பொஸ்தகத்துல வந்துருச்சுங்களே!” என்று கண் கலங்கினார். பத்துப் பிரதி வாங்கி, மில்லுக்கு வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் கொடுத்தார்.

இன்னொருவருடைய இடது தோள் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். அவர் அதை நோய் என்று எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய் நாற்பத்தொரு நாள் எண்ணெய்ப் பிழிச்சல் வைத்தியம் செய்துகொண்டு வந்து, இப்போது சுகமாக இருக்கிறது என்று எனக்கு ஒரு வாழைத்தார் கொடுத்துவிட்டுப் போனார். போஸ்ட்மாஸ்டர் புத்தகத்தில் இருந்த அச்சுப்பிழைகளை எண்ணிச் சிவப்பு மசியில் ஒரு பட்டியல் அனுப்பினார். படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உண்மையாகக் கோபப்பட்டவர் ஒரே ஒருவர். எங்கள் அம்சத்தின் அதிகாரி. அதாவது ஊருக்கு வரி வசூலிக்கும் பெரிய மனிதர். கடைவீதியில் என்னை நிறுத்தி, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகக் கேட்டார்.

“எந்தாடோ வாத்தியாரே! எங்க வீட்டுலயும் படம் உண்டல்லோ? அதுல குற்றம் ஒண்ணும் கண்டில்லையோ?”

“இல்லீங்க, உங்க படத்துல ஒரு குறையும்...”

“மில்லுக்காரன் மீசைக்கு ஒரு பக்கம். என்னைப்பற்றி ஒரு வாக்கும் இல்லை. அடுத்த பதிப்புல எதாச்சும் ஒரு குற்றம் எழுதணும். மனசிலாயோ?”

இப்படியே போயிற்று. திட்டினவர், பாராட்டினவர், வைத்தியம் செய்துகொண்டவர் எல்லோரும் தங்கள் பக்கத்தை மட்டும் படித்தார்கள். நான் எதற்காக எழுதினேனோ அதற்காக, படம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காக ஒருவராவது படிக்க மாட்டாரா என்று ஏங்கினேன். அந்த ஏக்கம் வீண் போகவில்லை. வீணாகவே போயிருந்தால் தேவலை.

தெய்வானைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பையனுக்குப் பெண்ணைக் கோயிலில் பார்த்தபோதே பிடித்துவிட்டதாம். கண்ணைப் பற்றியும் அவன் கவலைப்படவில்லை. பெரியவர்கள் வந்து வீட்டைப் பார்த்துப் பேசி முடிப்பது ஒன்றுதான் பாக்கி. மாராத்தாள் பால் ஊற்ற வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“எங்க ஊட்டுப் படமும் உங்க பொஸ்தகத்துல இருக்குதாமுங்களே. நாலெழுத்துப் படிச்சவங்க ஒருத்தரு நம்ம பக்கம் இருந்தா நல்லாருக்குமுங்க. வெள்ளிக்கெழமை காத்தால வந்துட்டுப் போங்க சாமி.”

புத்தகத்தில் வந்தது என்றாலே பெருமை என்று அவர் நினைத்திருந்தார். மில்லுக்காரர் அடித்த தம்பட்டம் அப்படி. மாராத்தாளிடம் ஒரு பிரதிகூட இல்லை. நான் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு, வண்ணக் காகிதம் சுற்றி, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். நினைத்தால் இப்போதும் அந்த வேட்டியை அவிழ்த்து எங்காவது எறியத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். பேச்சு நடத்தியவர் பையனின் பெரியப்பா. ஜவுளி வியாபாரி. ஒல்லியான, நிதானமான மனிதர். பாயில் உட்கார்ந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கதானுங்களா அந்தப் படப் பொஸ்தகம் எழுதுன வாத்தியாரு? மில்லுக்கு வந்தப்ப எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. ரெண்டு வாட்டி படிச்சனுங்க.”

இரண்டு வாட்டி! என் அம்மாகூட ஒரு வாட்டி முழுதாகக் கேட்டதில்லை. பாதியில் தூங்கிவிட்டார்.

அவர் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் வைத்திருந்தார். துணியில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றும் கூடவே வந்தது.

“பதினேழாம் படம்னு எழுதியிருக்கறது இந்த ஊட்டுப் படந்தானுங்களா?”

“இதேதானுங்க!” என்றேன், பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டவன்போல.

“கண்ணு வரைஞ்சதுன்னு சொல்லியிருக்கறீங்க. அத எப்பிடிங்க கண்டுபிடிச்சீங்க?”

மாராத்தாள் குறுக்கே வந்தார். “அதெல்லாம் இப்ப எதுக்குங்க? காப்பி ஆறிப்போகுதுங்க, குடிங்க” என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதை நான் என்னவாக எடுத்துக்கொண்டேன் தெரியுமா? நம்ம வாத்தியார் எவ்வளவு பெரிய ஆள் பார் என்ற பெருமையாக எடுத்துக்கொண்டேன். இதைவிட மட்டமாக ஒருவன் ஒரு முகத்தைப் படிக்க முடியாது. முகங்களைப் பற்றித்தான் நான் புத்தகம் எழுதியிருந்தேன்.

எழுந்தேன். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்து, வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

“இங்க பாருங்க. அம்மா கண்ணுல வெளிச்சப் புள்ளி ஒண்ணு தெரியுதுங்களா? இவரு கண்ணுல இல்ல. கருவிழியச் சுத்தித் தூரிகை போன கோடு தெரியுது பாருங்க. சந்தேகமே வேண்டாங்க. முழுக்க முழுக்க வரைஞ்ச கண்ணு!”

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். “மெய்தானுங்க” என்றார். பிறகு தலையைத் தூக்கி, மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

“உசுரோட உக்காந்திருக்கற ஆளுக்குக் கண்ண எதுக்குங்க வரையறாங்க?”

என் புத்தகத்தில் அதற்கு அத்தியாயம் இல்லை. கையில் இருந்த படத்தைப் பார்த்தேன். அசையாத உடம்பு. ஜீவனில்லாத முகம். நாற்காலியோடு கட்டிய தோரணை. நான் எழுதியது ஒவ்வொன்றும் சரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சிரிக்க வைத்திருக்கலாம் என்று யோசனை சொன்ன மடையன் நான்.

கடைசியில் மாராத்தாள்தான் பேசினார்.

“அவரு செத்ததுக்கப்பறம் எடுத்ததுங்க. இருக்கறப்ப ஒரு படமும் எடுக்குலீங்க.”

“அப்பிடீங்களா. பாவந்தானுங்க” என்றார் பெரியப்பா. குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. “அப்ப இருக்கறப்ப அவருக்குக் கண்ணு எப்பிடீங்க?”

மாராத்தாள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கல்யாணம் மலையிலேயே நடந்ததால் அந்த ஊரில் அவர் புருஷனைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தார். அப்போது சமையற்கட்டு வாசலில் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அவருக்குப் பொய் வரவில்லை.

“மாறுகண்ணுதானுங்க” என்றார்.

பெரியப்பா புத்தகத்தை மூடினார். ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். படியிறங்கும்போது என் கையைப் பிடித்து, “நல்ல பொஸ்தகமுங்க. நெசமாத்தான் சொல்றேன்” என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மதிப்புரை அது.

அவர்கள் போன பிறகும் நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். தெய்வானை வந்து அதை என்னிடமிருந்து வாங்கினாள். அம்மா சொன்ன காய்ச்சல் கதையைத்தான் அவளும் அதுவரை நம்பியிருந்தாள்.

“எந்தக் கண்ணும்மா?” என்று கேட்டாள்.

“வலதுதான் அம்மிணி. அச்சு அசலா உன்றதாட்டமேதான்.”

“எங்கிட்டக்கூடச் சொல்லுலயேம்மா.”

“படம் வந்தப்ப நேரா வரைஞ்சிருந்தாங்க. போனதுக்கப்பறமாச்சும் நேராப் பாக்கட்டும்னு உட்டுட்டேன். பொறகு உனக்கு வரன் பாக்க அதுவே தோதாப் போச்சு.”

தெய்வானை அழவில்லை. என் பக்கம் திரும்பி, “நீங்க காப்பியே குடிக்குலீங்களே. குடிச்சுட்டுப் போங்க” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குடித்தேன். அந்தக் காப்பியின் ருசியைப் பற்றி மட்டும் எனக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை.

மறுநாள் ஞானமுத்துவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். மேஜைமேல் என் புத்தகம் இருந்தது. அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“வாரும்வே குணதோஷம்” என்றார். “அன்னைக்கு மல மேல மூணு நாளா மழ. அந்தப் பொம்பள கைப்புள்ளையத் தூக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்து நிக்கா. புள்ளைக்கு அப்பன் மொகம் தெரிய வேண்டாமாண்ணேன்னு கேக்கா. நான் என்ன சொல்லுவேன்? போனேன். நாக்காலியில உக்கார வச்சித் துண்டால கெட்டுனேன். கண்ணு மூடியிருந்துச்சு. நேராத்தான் இருக்கும்னு நெனைச்சி வரைஞ்சேன். அந்தப் பொம்பளையும் ஒண்ணும் சொல்லல.”

“நான் எழுதுனது தப்புங்க” என்றேன்.

“தப்பே கெடையாதுவே. ஒரு எழுத்துத் தப்புக் கெடையாது. அதான் எனக்கு ஆத்திரமா வருது. எழுதுறதுக்கு முன்ன, ‘இது ஏன் அண்ணாச்சி இப்படி இருக்கு?’ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீராவே? ஒரு சாயா குடிக்கிற நேரத்துல முடிஞ்சிருக்குமே.”

திரும்பி வந்தேன். நாலு நாள் ஊரின் கிழக்குக் கோடிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் எனக்கு ஒரு மகத்தான யோசனை பிறந்தது. (என் மகத்தான யோசனைகளுக்கு ஊரில் யாராவது வரி போட்டிருக்க வேண்டும்.) தெய்வானையை நானே கல்யாணம் செய்துகொள்வது! தியாகி என்று ஊர் சொல்லும். செய்த தவறும் நேராகும். மாராத்தாளிடம் போய், மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன். அவர் களைத்துப்போயிருந்தார். “அவகிட்டயே கேட்டுக்கங்க” என்றார்.

தெய்வானை எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஏனுங்க, பாவம்னு கேக்கறீங்களா?”

“இல்லீங்க... அப்பிடி இல்லீங்க...”

“வேண்டாங்க. நாளைக்கு ரசத்துல உப்புக் கம்மியாப் போச்சுன்னா அதையும் அச்சுப் போட்டு ஊரெல்லாம் குடுத்துருவீங்க.”

உள்ளே மாராத்தாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதற்காகவாவது நான் உபயோகப்பட்டேன்.

“நெசமாலுமே எதாச்சும் செய்யோணும்னா,” என்றாள் தெய்வானை, “அந்தப் படத்தத் தூக்கிட்டு எங்ககூட ஸ்டூடியோவுக்கு வாங்க.”

தூக்கிக்கொண்டு போனேன். வழியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞானமுத்து சட்டத்தைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தார். ஈரப் பஞ்சால் கண்களில் இருந்த மையை மெல்ல மெல்லத் துடைத்தார். கண்கள் போய்விட்டன. கொஞ்ச நேரம் அந்த முகம் அன்று மலையில் இருந்தபடியே மூடிய இமைகளோடு இருந்தது. மாராத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தாயி, இந்த முக்காலியில வந்து இரு. என்னயப் பாரு” என்றார் ஞானமுத்து. தெய்வானை உட்கார்ந்தாள். தன் கண்ணை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று எப்போதும் தலை குனிந்து நடந்த பெண் அவள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞானமுத்து அவள் கண்ணைப் பார்த்தார், தூரிகையைத் தொட்டார், மறுபடியும் பார்த்தார். மாராத்தாள் பின்னால் வந்து நின்று, “இன்னுங் கொஞ்சம் உள்ளுக்குங்க... இன்னும் துளியூண்டு...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, “போதும், போதுமுங்க” என்றார்.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இவருதானுங்க” என்றார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். “பதினெட்டு வருசமா ஆரோ ஒரு ஆளுக்குப் பூ வெச்சுட்டு இருந்தனுங்க.”

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். படம் சரியானதால் கல்யாணம் சரியாகிவிடவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரவில்லை. அந்தப் பையன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு வந்த வரன்காரர்கள் எல்லோரும் வரும்போதே கதையைத் தெரிந்துகொண்டு வந்தார்கள். என் புத்தகம் அவர்களுக்கு முன்னால் நடந்தது. மிச்சமிருந்த பிரதிகளை நான் வெந்நீர் அடுப்பில் போட்டேன். கொடுத்த பிரதிகளைத் திரும்பக் கேட்டு வீடு வீடாக அலைந்தேன். (இந்தத் தடவை யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.) மில் முதலாளி மட்டும் கடைசிவரை தரவே இல்லை. மீசை போய்விடுமாம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாராத்தாள் எருமைகளை விற்றுவிட்டு மகளோடு மறுபடியும் மலையேறினார். தெய்வானை மூணாறில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு அப்புறம் நாலு வருஷம் கழித்து, தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று மாமா சொன்னார். நல்ல மனிதராம். நன்றாக இருக்கிறாளாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மாராத்தாள் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. முந்தின மழைக்காலத்தில் போய்விட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக ஒரு படத்தைப் பதினெட்டு வருஷம் காப்பாற்றி வைத்திருந்த அம்மாள் அவர். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக அரை மணி நேரத்தில் அதைக் கெடுத்தேன். பார்த்ததைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே பலதடவை வாதாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

எனக்கும் பிற்பாடு கல்யாணம் ஆயிற்று. இந்தக் கதை என் மனைவிக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அன்று முதல் எங்கள் வீட்டு விசேஷங்களில் என் மனைவி இதைச் சொல்லாமல் பந்தி முடியாது. “படிக்கத் தெரிஞ்ச புள்ள பொஸ்தகத்தப் படிச்சுப் போட்டு வேண்டாம்னு தப்பிச்சுட்டுது. எனக்கு எழுத்துத் தெரியாது, மாட்டிக்கிட்டேன்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இன்னொரு பழக்கமும் வீட்டில் உண்டு. யாருக்காவது வரன் பார்த்துப் படம் வந்தால், முதல் காரியமாக என் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்துவிடுவார்கள்.

போன மாதம் பேத்திக்கு ஒரு பையனின் படம் வந்தது. வழக்கம்போலக் கண்ணாடியைக் காணோம். பெட்டியைத் திறந்து பார், அலமாரியில் பார் என்று என்னை அலையவிட்டுச் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

டாக்டர் புதுக் கண்ணாடி கொடுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. படத்தைத் தனியாக வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், பையிலிருந்த அதை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகவே பார்த்தேன். பையன் போட்டிருந்த கோட்டு இரவல் கோட்டு. கை விரல் வரைக்கும் தொங்கியது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

“ரொம்ப நல்லா இருக்கறான் கண்ணு” என்றேன்.